காம்புகிள்ளிகளின் ரெஜினா அம்மா

முந்தாநாள் காலை லஸ் முனையில் பஸ்ஸுக்கு நின்றபோது எங்கள் அலுவலகப் பியூன் ஓடிவந்து, "ரெஜினாம்மா தவறிட்டாங்க சார்" என்றான். பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

தொழிற்சொல் அகராதிக்காக அவரும் நானும் ஒரே மேஜையில் வேலை பார்த்தவர்கள். யுத்த காலத்தில் 'காம்புகிள்ளி' என்ற சொல் வந்தது. மிளகாய்க் காம்பு எடுக்கக் கட்டைவிரலில் மாட்டும் தகர நகம், ஒரு வரியில் முடித்துவிடலாம் என்றேன். "பார்க்காம எழுதினா அது வதந்தி சார்" என்று சொல்லி, கால்வாய்க்கரை மிளகாய்க் கிடங்குக்கு என்னை இழுத்துப் போனார்.

நெடி தெருவுக்கு வரக்கூடாதென்று பெண்களை உள்ளே வைத்து வெளியே பூட்டுவது அங்கே வழக்கம். நாங்கள் உள்ளே போனதும் எங்களையும் சேர்த்துப் பூட்டினார் மேஸ்திரி. சற்று நேரத்தில் விமானத் தாக்குதல் அபாயச் சங்கு ஊதியது. மேஸ்திரி சாவியோடு ஓடிவிட்டார். நான் கதவை இடித்தேன், கத்தினேன், தும்மினேன். முனியம்மா என்ற பெண் கிள்ளுவதை நிறுத்தவேயில்லை. "குந்து நைனா. சங்கு ஊதினா இன்னா, ஊதாட்டி இன்னா? கதவு தெனமும் இப்படித்தான் கீது."

ரெஜினா அம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்து பெயரைப் பற்றிக் கேட்டார். "எங்க ஆத்தாவையும் காம்புகிள்ளின்னுதான் கூப்பிட்டாங்க. அப்போ ஏது தகரம்? வெறும் நகந்தான். அது பிஞ்சிப்போய்தான் இது வந்துச்சி. எங்க பேரையே இதுக்கும் வெச்சிட்டாங்க" என்றாள் முனியம்மா.

சங்கு அடங்கி மேஸ்திரி வந்து கதவைத் திறந்ததும் நான் வெளியே பாய்ந்தேன். ரெஜினா அம்மா வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார், தாழ்ப்பாளைக் கழற்றினால்தான் எழுந்திருப்பேன் என்று. முதலாளி கழற்றினார். அடுத்த வாரமே திரும்ப மாட்டிவிட்டார். இவரும் சளைக்காமல் போய்ச் சண்டை போட்டுக்கொண்டே இருந்தார்.

அவர் எழுதிய பொருள் இது: 'காம்புகிள்ளி: பூட்டிய கிடங்கில் மிளகாய்க் காம்பு நீக்கும் பெண், பின்னர், அவள் விரலில் அணியும் தகர நகம்.' 'பூட்டிய கிடங்கில்' என்பதை அகராதிக் குழுத் தலைவர் அடித்துவிட்டார். "அடிச்சுட்டா பூட்டு திறந்துடுமா சார்?" என்று கேட்டார் ரெஜினா அம்மா.

நேற்று சாந்தோமில் அடக்கம். இதைப் படிக்கும் உங்களில் பலரும் வந்திருந்தீர்கள். முனியம்மாவைக் காணாமல் எனக்குக் கோபம் வந்தது. நேரே கிடங்குக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. இடுக்கு வழியாகக் கூப்பிட்டேன்.

"காலைலயே தெரியும் நைனா" என்றாள் உள்ளேயிருந்து. "யாராவது தொறந்தாத்தானே வர்றது?"

அகராதியின் கடைசி அச்சுப்படி இப்போது என் மேஜையில்தான் இருக்கிறது. அடித்த இரண்டு சொற்களையும் மறுபடி எழுதிவிட்டேன். ரெஜினா அம்மாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது, அன்று தலைவரிடம் கேட்ட அந்தக் கேள்வி. நாளைக் காலை அதை எடுத்துக்கொண்டு கிடங்கு வாசற்படியில் போய் உட்காரப் போகிறேன்.