நாற்பத்தொன்பதுக்கும் எண்பத்துமூன்றுக்கும் ஆட்டம்

வெண்டல் சோபோட்கா எங்கள் பக்கத்துப் பண்ணைகளுக்கெல்லாம் எரிவாயு கொண்டுவருகிற லாரிக்காரர். தொட்டியில் குழாயை மாட்டிவிட்டால் மற்ற ஓட்டுநர்கள் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்பார்கள். இவர் தொட்டியைச் சுற்ற ஆரம்பித்துவிடுவார். பனிக்காலத்தில் வயலிலிருந்து வீடு திரும்பும் என் அப்பா, வெண்டல் வந்தாரா என்று அம்மாவிடம் கேட்டதே இல்லை. தொட்டியைச் சுற்றிப் பனியில் வட்டமாகத் தடம் தேய்ந்திருந்தால் வந்துவிட்டுப் போயிருக்கிறார் என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலும் கடைசிச் சுவரோரம் நின்றுதான் பிரசங்கம் கேட்பார். அவர் மனைவி ஜோலீன் சொல்வாள்: "இந்த மனுஷனுக்குன்னு சாய்வு நாற்காலி வாங்கினேன். பத்து வருஷமா அதுல நாய் தூங்குது."

இந்த நிலைகொள்ளாமை எங்கிருந்து வந்தது என்று எங்கள் ஊரான டோர்னனில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஊரில் ரகசியம் என்று ஒன்று கிடையாது. ஒரு பெட்ரோல் பங்க், ஒரு கூட்டுறவுத் தானியக் கிடங்கு, ஒரு உணவுக்கடை. இதில் எதை ஒளித்துவைப்பது? 1983இல் ஊர்ப் பையன்கள் பேஸ்பாலில் நெப்ராஸ்கா மாநில இறுதி ஆட்டம் வரை போனார்கள். கடைசி இன்னிங்ஸ், ஒரு ரன் பின்னால், இரண்டு பேர் அவுட், மூன்றாமவரும் போனால் ஆட்டம் முடிந்தது. மட்டை பிடிக்க மாற்று ஆள் வேண்டும்; பெஞ்சில் மிச்சமிருந்தது இரண்டே பையன்கள். பதினெட்டு வயது வெண்டல், யாரும் கூப்பிடுமுன்பே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றார். கோச் அவரைத் தாண்டிப் பார்த்து, "குச்சேரா, நீ போ" என்றார். டுவேன் குச்சேரா போனார். மூன்று தவறினால் அவுட் என்ற ஆட்டத்தில், மூன்றாவது பந்தை மட்டையைத் தூக்காமல் பார்த்துக்கொண்டே நின்று அவுட் ஆனார். ஆட்டம் முடிந்தது.

நான் போயிருந்தால் அடித்திருப்பேனா? நாற்பது வருஷமாக வெண்டல் சுற்றிச் சுற்றி வருவது இந்தக் கேள்வியைத்தான்.

போன குளிர்காலத்தில் தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்துக்குப் புது வண்ணம் அடிக்க ஊராட்சி முடிவு செய்தது. ஊர்ப் பெயருக்குக் கீழே, ஊரின் மிகச் சிறந்த பேஸ்பால் அணியின் வருஷத்தையும் எழுதலாம் என்று யாரோ சொல்லிவைத்தார்கள். இடம் இருந்ததோ ஒரு வருஷத்துக்குத்தான். அங்கே ஆரம்பித்தது வினை.

"எழுத வேண்டியது நாப்பத்தொம்பது" என்றார் ஆர்லிஸ் போகன். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா 1949 அணியின் ஷார்ட்ஸ்டாப். இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவில் நின்று உருண்டு வருகிற பந்தையெல்லாம் பொறுக்கியவர். "அந்த வருஷம் ஒரு ஆட்டம் தோத்ததா சொல்லு பார்ப்போம்."

"யார்கூட ஆடினாங்க? பக்கத்து ஊர் மாடு மேய்க்கிறவங்களோட" என்றார் வெண்டல்.

"உங்களை மாதிரி மாநிலம் பூரா பார்க்க தோத்துட்டு வரலையே, ராசா."

இப்படியே மூன்று வாரம். உணவுக்கடையில் இந்தப் பேச்சைத் தடைசெய்து கதவில் காகிதம் ஒட்டவேண்டியதாயிற்று. கடைசியில், எங்கள் ஊரில் குளிர்காலத்தில் எல்லாப் பையன்களும் சமையலறை மேஜையில் ஆடி வளர்ந்த பகடைப் பேஸ்பாலே தீர்ப்புச் சொல்லட்டும் என்று முடிவாயிற்று. ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை. சிவப்புப் பகடை ஒன்று, வெள்ளைப் பகடை ஒன்று. இரண்டும் சேர்ந்து முப்பத்தாறு விதமாக விழும். ஒவ்வொன்றுக்கும் என்ன நடந்தது என்று அந்த ஆட்டக்காரரின் அட்டையில் இருக்கும். ஏழு ஆட்டம், நான்கில் ஜெயிப்பவர் கோபுரத்தில் ஏறுவார். நாற்பத்தொன்பதை ஆர்லிஸ் நடத்துவார், எண்பத்துமூன்றை வெண்டல்.

அட்டைகளைத் தயாரிக்கும் வேலை எனக்கு வந்தது. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். படித்தது புள்ளியியல். பட்டத்தை அம்மா டிராக்டர் கம்பெனி காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டி, காலண்டரைக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறாள். ஊரில் எனக்குப் பெயரே 'காலேஜ்' என்றாகிவிட்டது.

சிக்கல் என்னவென்றால் 1949இல் கையுறை மெல்லிசு, மைதானத்துக்கு வேலியே இல்லை, பிட்சர்கள் காலையில் பால் கறந்துவிட்டு வந்து பந்து எறிந்தவர்கள். அவர்களை எண்பத்துமூன்றோடு எப்படி ஒரே தராசில் வைப்பது? அவரவர் தம் காலத்து ஆட்களைவிட எவ்வளவு மேலே நின்றார் என்று பார்த்து, அதை அட்டையில் ஏற்றினேன். இரண்டு பக்கமும் திட்டியதால் சரியாகத்தான் செய்திருக்கிறேன் என்று புரிந்தது.

வெண்டலின் அட்டையில்தான் சண்டை வெடித்தது. 1983 கோடை முழுக்க அவர் மட்டை பிடித்தது பத்தே தடவை. அதில் ஐந்து அடி. கணக்குப்படி அட்டையில் பாதி அடியாக வந்து நின்றது. எந்தக் காலத்திலும் எந்த ஊரிலும் அப்படி ஒரு ஆட்டக்காரன் பிறந்ததில்லை.

"இது அட்டையா, வேண்டுதலா?" என்றார் ஆர்லிஸ்.

"பத்து தடவைங்கிறது ஒண்ணுமே இல்ல, வெண்டல்" என்று நானும் சொன்னேன். "ஐநூறு தடவை ஆடியிருந்தா இந்த எண் பாதியா இறங்கியிருக்கும்."

"ஆடவிட்டாத்தானே காலேஜு" என்றார் அவர்.

இந்த மாதிரி அட்டைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. கொஞ்சமாக ஆடியவனைக் கொஞ்சமாகத்தான் இறக்கலாம். தொடர் முழுவதிலும் வெண்டலின் அட்டையை ஒரே ஒரு தடவை போடலாம் என்று விதித்தோம். அவர் ஒப்புக்கொண்டார். அட்டையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

ஞாயிறுதோறும் தேவாலயம் முடிந்து தீயணைப்பு நிலையக் கூடத்தில் ஆட்டம். டுவேன் குச்சேரா தன் டயர் கடையிலிருந்து மடக்கு நாற்காலிகளும், ஒரு பெரிய பானையில் சில்லி என்கிற காரமான இறைச்சிக் குழம்பும் கொண்டுவருவார். கூடவே இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டி. சில்லிக் குழம்பில் அந்த ரொட்டியைத் தோய்த்துத் தின்பவனை வெளியூர்க்காரன் பார்த்தால் பரிதாபப்படுவான். எங்களுக்கு அவன்மேல் பரிதாபம்.

இரண்டாவது ஆட்டத்தில் எண்பத்துமூன்று ஒரு ரன்னில் தோற்றது. கடைசி இன்னிங்ஸில் வெண்டலின் விரல் சட்டைப்பைப் பொத்தான்வரை போனது, திரும்பி வந்துவிட்டது. நான்காவதிலும் அதே கதை. அவர் அணிக்காரர்களே முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

"என்னடா, அட்டையை அடைகாக்குறியா?" என்று கேட்டார் டுவேன். "எப்ப குஞ்சு பொரிக்கும்?"

"சமயம் வரட்டும்."

"நாப்பது வருஷமா வராத சமயம்."

வெண்டல் தீயணைப்பு வண்டியைச் சுற்றி ஒரு நடை போய்வந்தார். லாரி ஓட்டும்போதுகூட ஒரு கை சட்டைப்பையில் இருக்கிறது என்று ஜோலீன் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டாள். "எடுத்து உருட்டிப் பார்த்துட்டு நிம்மதியா இருங்களேன்னா, வீட்ல உருட்டுறது கணக்கில்லையாம்."

மூன்றுக்கு மூன்று. ஏழாவது ஆட்டத்துக்கு ஊரே வந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே மத்தியான வெயிலில் பனி கண்ணைக் கூசவைத்தது. எட்டு இன்னிங்ஸ் முடிந்து, கடைசியான ஒன்பதாவதின் பின்பாதி. எண்பத்துமூன்று ஒரு ரன் பின்னால். மூன்றாம் தளத்தில் ஒரு ஆள்; ஒரு நல்ல அடி விழுந்தால் சமம். இரண்டு பேர் அவுட். அடுத்து மட்டை பிடிக்கவேண்டியவர் பிட்சர். அவர் அட்டையில் அடி என்பதே அபூர்வம். மாற்று ஆள் வேண்டும். வெண்டல் தன் பெஞ்சைப் பார்த்தார். மேஜையில் ஒரு அட்டை: குச்சேரா, டுவேன். சட்டைப்பையில் ஒரு அட்டை.

கூடத்தில் எல்லோரும் கரண்டியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

வெண்டல் மேஜைக்கு இந்தப் பக்கம் வந்தார், அந்தப் பக்கம் போனார். பிறகு டுவேனின் அட்டையை எடுத்து நடுவில் வைத்தார்.

"குச்சேரா போறான்."

யாருக்கும் புரியவில்லை. ஆர்லிஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "பாதிக்குப் பாதி அடி இருக்கிற அட்டையைப் பையில வெச்சுக்கிட்டா?"

"காலேஜ்தான் சொன்னானே, அது பத்து தடவைக் கணக்கு. டுவேன் கோடை பூரா ஆடினவன். கோச் எதுக்கு அவனைக் கூப்பிட்டாருன்னு இங்க நிக்கும்போதுதான் தெரியுது." குரல் சரியாகத்தான் இருந்தது. கை மட்டும் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தது.

"கோச்சும் இல்ல, ஒண்ணும் இல்ல. உனக்குப் பயம்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. டுவேன் கரண்டியோடு முன்னால் வந்தார். "அவுட் ஆயிட்டா அப்புறம் எதைச் சுத்தி நடக்கிறதுன்னு பயம். அட்டையை எடு."

"எடுத்துட்டேன்டா. உன்னோடதுதான் அது."

"வெண்டல், நான் சொல்றதைக் கேளு. அந்தப் பந்தை விட்டதுலேர்ந்து என் கடைக்கு டயர் மாத்த வர்றவனெல்லாம் ஒரு தடவையாவது மட்டை தூக்குற மாதிரி கையைக் காமிச்சுட்டுத்தான் போறான். என் பேரன் காமிக்கிறான். இன்னொரு தடவை என்னை அங்க நிறுத்தாத. ஒரே ஒரு தடவை நீ போய் அவுட் ஆகு. எனக்குத் துணையாவது இருக்கும்."

யாரோ சிரித்தார்கள். டுவேன் சிரிக்கவில்லை. வெண்டல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். நாற்பது வருஷத்தில் முதல்முறையாக அந்த ஆட்டத்தில் இன்னொருவனும் இருந்தான் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். முகம் அப்படித்தான் இருந்தது. பொத்தானைக் கழற்றினார். டுவேனின் அட்டையை எடுத்துவிட்டுத் தன் அட்டையை வைத்தார். ஓரமெல்லாம் வியர்வையில் நைந்திருந்தது.

"சோபோட்கா வர்றார்" என்று அறிவித்தேன். அது என் வேலை.

அவர் உருட்டினார். சிவப்பில் நாலு, வெள்ளையில் மூன்று. அட்டையில் விரலை ஓட்டிப் பார்த்து, இன்னொரு தடவையும் பார்த்தேன்.

"ஷார்ட்ஸ்டாப் பக்கம் உருண்ட பந்து. எடுத்து முதல் தளத்துக்கு எறியிறார், ஓடுறவருக்கு முன்னாடி பந்து வந்துடுது. அவுட்."

ஆர்லிஸ் தன் அப்பாவின் அட்டைமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். நாற்பத்தொன்பதுக்காரர்கள் கைதட்டினார்கள், அவ்வளவு சத்தமாக இல்லை.

"உருண்டது வேகமாவா, மெதுவாவா?" என்று கேட்டார் வெண்டல்.

"அட்டையில அதெல்லாம் இல்ல, வெண்டல்."

"மெதுவா உருண்டிருந்தா நான் ஓடி எட்டியிருப்பேன்."

"அடிச்சியே, அது போதும்டா" என்றார் டுவேன். "மட்டை பந்துல பட்டிருக்கு. நான் அதுகூடச் செய்யல."

"பட்டுதுல்ல?"

"பட்டுது."

"அப்ப ஓடியிருப்பேன்."

"எங்கப்பா எறிஞ்சா குதிரையே எட்டாது" என்றார் ஆர்லிஸ்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் தடுத்திருக்க வேண்டும் என்று ஜோலீன் இன்றைக்கும் சொல்கிறாள். டுவேன் வெளியே போய் வண்டி நிறுத்துமிடத்தில் தொண்ணூறு அடி அளந்து, முதல் தளம் என்று ஒரு டயரைப் போட்டு அதன்மேல் காலை வைத்து நின்றார். ஆர்லிஸ் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு பனியைக் கையில் அள்ளி இறுக்கி உருட்டினார். ஷார்ட்ஸ்டாப் நிற்கவேண்டிய இடத்திலிருந்து நன்றாக உள்ளே தள்ளி நின்றுகொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "எழுபத்துநாலு வயசுக்குப் பாதி தூரம் போதும். உன் படிப்புப்படி சரிதானே, காலேஜு?"

சரி என்றேன். கூடம் முழுக்க வெளியே வந்து நின்றது. நான் கையைத் தட்ட, வெண்டல் ஓடினார். ஐம்பத்தொன்பது வயது, கனத்த பூட்ஸ், கால்சட்டையில் தொங்கிய சாவிக்கொத்து கலகலத்தது. பாதியில் வழுக்கி, கையூன்றி, எழுந்து ஓடினார். ஆர்லிஸ் எறிந்தார். பனிப்பந்து டுவேனின் கையில் பட்டு உடைந்தது. அதற்குப் பின்னால்தான் வெண்டலின் கால் டயரைத் தொட்டது.

"அவுட்" என்றேன்.

வெண்டல் முழங்காலைப் பிடித்துக் குனிந்து நின்றார். "எவ்வளவு தூரத்துல?"

"ஒரு அடி இருக்கும்."

"ஒரு அடிதானா?"

"ஒரு அடிதான்" என்றார் டுவேன், மேல்கோட்டிலிருந்து பனியைத் தட்டிவிட்டபடி.

வெண்டல் நிமிர்ந்தார். "பதினெட்டு வயசுல அந்த ஒரு அடி என்கிட்ட இருந்துச்சு."

"பதினெட்டு வயசுல எங்கப்பாகிட்ட அதைவிட வேகமான கை இருந்துச்சு" என்றார் ஆர்லிஸ்.

வெண்டல் மூச்சு வாங்கிக்கொண்டே, தான் புறப்பட்ட இடத்தை நோக்கித் திரும்பி நடந்துகொண்டிருந்தார். ஆர்லிஸ் குனிந்து இன்னொரு பிடி பனியை அள்ளினார்.