வியா மக்வேதாவில் நான் நிறுத்திய வயலின்

என் மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. வயலின் வகுப்பு முடிந்ததும், இத்தாலியில் நாங்கள் வாழும் நகரத்தின் வியா மக்வேதா தெருவில், ஒரு செருப்புக்கடை வாசலில் நின்றுவிடுவாள். அங்கே தொப்பையும் பழைய கோட்டுமாக, நாடோடிகளாக அறியப்படும் ரோமா இனத்தவர் ஒருவர் வயலின் வாசிப்பார். பக்கத்துத் தெருவில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய அம்மாவின், வீட்டைத் துடைத்து முடித்து வந்து, அவளை இழுத்துக்கொண்டு போவதே என் வேலை.

"பொறுங்கோவன் அம்மா. நான் பழகிற பாட்டு மாதிரியே இருக்கு. ஆனா இவர் நடுவிலை இழுத்து நிப்பாட்டித்தான் திரும்பத் தொடங்கிறார்."

"ரீச்சர் சொன்ன மாதிரி நீ வாசி. அது காணும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து வரும்போது தெரிந்த பெண் ஒருத்தி என் காதருகே வந்தாள். "உங்கடை மகள் றோட்டிலை அந்த ஸிங்காரோவோடை நிண்டு வாசிக்கிறாவாம். உண்மையே?" ரோமா மக்களை இங்கே இளக்காரமாக அழைக்கும் சொல் அது. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். கடல் கடந்து வந்தும் அந்த வாய்க்குத்தான் நான் பயந்தேன்.

அடுத்த வகுப்பு நாளில் நேரத்தோடு போனேன். இருவரும் சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். பத்துப் பேர் நின்று கேட்டார்கள். நான் நடுவில் போய் நின்று இத்தாலிய மொழியில் கத்தினேன். "இவள் படிக்கிற பிள்ளை. ஸிங்காரோக்களோடு தெருவில் நிற்கிறவள் இல்லை."

அவர் வில்லைத் தாழ்த்தி, மன்னியுங்கள் சிஞ்ஞோரா என்று ஓரடி பின்னே போனார். எங்கள் வீடிருக்கும் பிரான்காச்சோவுக்குப் போகும் பஸ்ஸில், மகள் வயலின் பெட்டியை மடியில் அணைத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்கு முன் ஒருமுறை அதே பஸ்ஸில் ஒரு கிழவி என் நிறத்தைப் பார்த்துக் கைப்பையை இறுக்கிக்கொண்டு, என்னையும் அதே சொல்லால் ஸிங்காரா என்றாள். அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். அந்தச் சொல்லின் வலி தெரிந்தும் அதைத்தான் அவர்மேல் எறிந்திருக்கிறேன்.

வயலின் வகுப்பின் வருட முடிவுக் கச்சேரிக்குப் பட்டுச்சேலை கட்டி முதல் வரிசையில் இருந்தேன். மகள் வாசிக்குமுன் ஆசிரியை சபைக்குச் சொன்னார்: "பெரிய இசைமேதைகள் சத்திரங்களில் ரோமாக்கள் வாசித்ததைக் கேட்டு, அதை எழுதி மாளிகைகளுக்குக் கொண்டுபோனார்கள். இந்தப் பாட்டும் அப்படி வந்ததுதான்." எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

முடிந்தபின் ஆசிரியை என்னிடம் வந்தார். "ஒரு பிழையும் இல்லை. ஆனால் முன்பு நடுவில் ஒரு மூச்சு எடுப்பாள். அது எங்கே போனது?"

எங்கே போனது என்று எனக்குத் தெரியும். அதை நான் வியா மக்வேதாவிலேயே நிறுத்திவிட்டேன்.

அந்த மனிதரைத் தேடினேன். செருப்புக்கடை வாசலில் இப்போது ஒருவர் போன் கவர் விற்கிறார். கபோ சந்தை வரை போய்ப் பார்த்தும் கிடைக்கவில்லை. மன்னிப்புக் கேட்க ஒரு வசனம் பாடமாக்கி வைத்திருந்தேன், அது அப்படியே கிடக்கிறது.

மகள் இன்று இசைக் கல்லூரியில் படிக்கிறாள். போன மாதம் வேலை வெள்ளென முடிந்து வந்தபோது, படியில் ஏறும்போதே அந்தப் பாட்டுக் கேட்டது. அதே இடத்தில் இழுத்து, நிறுத்தி, திரும்பத் தொடங்கினாள். நான் சாவியைப் போட்டதும் நின்றுவிட்டது.

"ஏன் பிள்ளை நிப்பாட்டிப்போட்டாய்? வாசியன்."

"இல்லை அம்மா, முடிஞ்சுது" என்று வயலினைப் பெட்டிக்குள் வைத்தாள்.

முடியவில்லை என்று எனக்குத் தெரியும். இப்போதெல்லாம் அந்தப் பாட்டுக் கேட்டால், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு முடியும்வரை படியிலேயே நிற்கிறேன்.