கனகாவுக்குக் கல்யாணம் வேண்டுமா?

போன மாதம் எனக்கு ஒரு சிநேகம் கிடைத்தது. அப்போது பெயர் தெரியாது. ஆணா பெண்ணா, அதுவும் தெரியாது. கையெழுத்து மட்டும் தெரியும். கொஞ்சம் சாய்ந்த எழுத்து, மொட்டைப் பென்சில்.

எப்படி என்கிறீர்களா? ஸ்ரீரங்கத்தில் நான் ஒரு சர்க்குலேட்டிங் லைப்ரரியில் மெம்பர். வேலாயுதம் என்பவர் வாரப் பத்திரிகைகளைச் சைக்கிளில் கொண்டுவந்து கொடுப்பார். ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம். மறுநாள் வாங்கிக்கொண்டு போய் அடுத்த வீட்டில் கொடுத்துவிடுவார். என் கைக்கு வருவதற்குள் பத்திரிகை நாலைந்து வீடு பார்த்திருக்கும். ரசம் சிந்தியிருக்கும். சமையல் குறிப்பை யாரோ கத்தரித்திருப்பார்கள். அட்டைப்பட நடிகைக்கு மீசை முளைத்திருக்கும்.

அப்படி வந்த ஒரு பத்திரிகையில் — போட்டிப் பத்திரிகை, பெயரைச் சொன்னால் நம் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார் — ஒரு தொடர்கதை ஓடிக்கொண்டிருந்தது. என் பள்ளிக்கூட நாட்களில் பெண்கள் எல்லோரும் ஒளித்து வைத்துப் படித்த ஒரு பழைய காதல் நாவல். அதை இந்தக் காலத்துக்கு ஏற்றபடி மாற்றி எழுதுகிறார்களாம். 'புத்தம் புது வடிவில்' என்று தலைப்புக்குக் கீழே பெருமை வேறு!

பழைய நாவலில் கதாநாயகி பெயர் கனகாம்புஜம். புதியதில் கனகா. பெயரிலேயே பாதியை வெட்டியாயிற்று. பழைய கதாநாயகன் மிராசுதார் மகன், கப்பலேறி ரங்கூன் போகிறவன். புதியவன் திருவெறும்பூரில் எஞ்சினீயர், ஸ்கூட்டர் வைத்திருக்கிறான். போகட்டும்... காலம் மாறினால் வண்டியும் மாறத்தானே வேண்டும்?

ஆனால் முடிவு? பழைய நாவலில் ரங்கூன் போனவன் திரும்பி வரவே இல்லை. கனகாம்புஜம் அழுகிறாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். வருகிற வரன்களையெல்லாம் வேண்டாம் என்கிறாள். கடைசிவரை தனியாக, தலை நிமிர்ந்து வாழ்கிறாள். அதுதானே அந்த நாவலின் கம்பீரம்? புதிய எழுத்தாளர் போகிற போக்கைப் பார்த்தால், கனகாவை மணவறையில் உட்கார வைக்காமல் விடமாட்டார் போலிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சில வாரங்களுக்கு முன் இதே பக்கத்தில் பொரிந்து தள்ளினேனே, நினைவிருக்கிறதா? ஒரு பெண் தனியாக இருந்துவிட்டால் இவர்களுக்கு என்ன குடி முழுகிப் போகிறது என்று கேட்டிருந்தேன்.

நான் கேட்டதையேதான் அந்தப் பென்சிலும் கேட்டது.

ஸ்கூட்டர்க்காரன் கனகாவைப் பெண் பார்க்க வருகிற அத்தியாயம். ஓரத்தில் பென்சில் எழுத்து: 'வந்துட்டான்! அவளை நிம்மதியா விடவே மாட்டீங்களா?' அடுத்த வாரம் இன்னும் காரம்: 'தனியா ஒரு வீடு, ஒரு விளக்கு, கையில புஸ்தகம். இதுக்கு மேல என்னய்யா வேணும்?'

அடடா! என் கட்சி பேச ஒரு ஆள்! பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கிறவள் நான். வீட்டுக்கு வந்தால் பேச்சுத் துணைக்குச் சுவர்தான். கதையைப் பற்றி யாரோடு சண்டை போட்டு எத்தனை காலமாயிற்று! பக்கத்தில் சிவப்பு மையால் டிக் அடித்து 'மிகச் சரி' என்று எழுதினேன். பழக்க தோஷம். அதோடு விடவில்லை. 'பழைய நாவலில் உங்களுக்கு எந்த இடம் பிடிக்கும்?' என்று ஒரு கேள்வியும் எழுதினேன். பதிலுக்குக் காத்திருந்தேன்.

பதில் எப்படி வரும்? பென்சில் வீடு எனக்கு முந்தின வீடு. நான் எழுதினது எனக்கு அடுத்த வீட்டுக்கு அல்லவா போகும்? ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவளுக்கு இது புரிய ஒரு வாரம் ஆயிற்று. வெட்கக்கேடு!

வேலாயுதத்திடம் சொல்லி வரிசையை மாற்றினேன். பத்திரிகை முதலில் எனக்கு, அப்புறம் பென்சில் வீட்டுக்கு. வந்தது... ஓரமெல்லாம் வெள்ளை வெளேரென்று. நான் எழுதினேன். அது போய்ச் சேர்ந்திருக்கும். பதிலும் எழுதியிருக்கும். அந்தப் பதிலை எவர் வீட்டிலோ எவரோ படித்திருப்பார்கள்! பேச்சு என்றால் போகவும் வேண்டும், வரவும் வேண்டும். வேலாயுதத்தின் சைக்கிளோ ஒரு பக்கமாகத்தான் போகிறது.

பழைய வரிசைக்கே திரும்பினேன். கையோடு, "அந்தப் பென்சில்ல எழுதறது யாருங்க?" என்று கேட்டேன்.

"யாருன்னு தெரியாது டீச்சர். மேல அடையவளஞ்சான் தெருவுல பச்சைக் கதவு வீடு. புக்குல கிறுக்காதீங்கன்னு சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன். ரெண்டு பேருமே கேக்கறதில்ல" என்று என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

நான் மனசுக்குள் ஒரு ஆளையே உண்டாக்கிவிட்டேன். நிச்சயம் தனி ஆள். தனியாக இருந்து பார்த்தவர்தானே தனிமையின் பெருமையை எழுத முடியும்? சாய்வு நாற்காலி, மூக்குக் கண்ணாடி, நிறையப் புத்தகம். ஆணாக இருந்தால்...? இந்த வயதில் உனக்கு இந்தக் கேள்வி எதற்கு என்று கேட்கிறீர்கள். கேட்காதீர்கள்.

போன சனிக்கிழமை கஞ்சி போட்ட புடவை கட்டிக்கொண்டு, மணப்பாறை முறுக்கு ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போனேன்.

பச்சைக் கதவைத் தட்ட வேண்டியிருக்கவில்லை. ஆவென்று திறந்து கிடந்தது. வாசலில் ஒரு கல்யாண வீட்டுக்குக் காணும் அளவுக்குச் செருப்பு. உள்ளே தூளியில் ஒரு குழந்தை வீறிட்டது. ரேடியோ பாடியது. அதற்கு மேலே இரண்டு பெரியவர்கள் எதற்கோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கையெல்லாம் மாவோடு ஓடி வந்தாள். ஸ்கூல் டீச்சர் என்று சொன்னேன்.

"டீச்சரா? எங்க முரளி என்ன பண்ணினான்?"

"முரளி ஒண்ணும் பண்ணலீங்க. பத்திரிகையில பென்சிலால எழுதறது..."

அவள் முகம் செத்துப்போயிற்று. பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "லைப்ரரிலேருந்து வரீங்களா? வீட்டுல சொல்லிடாதீங்க. இனிமே எழுத மாட்டேன்."

"ஐயோ, இல்லம்மா. அந்தச் சிவப்பு மை நான்தான்."

ஒரு நிமிஷம் விழித்தாள். அப்புறம் சிரித்தாளே ஒரு சிரிப்பு! மாவுக் கையோடு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பெயர் செண்பகம். சமையலறையில் அரிசி மூட்டைக்கும் சுவருக்கும் நடுவே எனக்கு ஒரு மணை போட்டாள். அதற்குள் முறுக்குப் பொட்டலம் குழந்தைகள் கைக்குப் போய்க் காலியாகிவிட்டது.

"எப்பம்மா படிக்கிறீங்க இதையெல்லாம்?"

"கொல்லையில, துவைக்கிற கல்லு மேல உக்காந்து. தண்ணி பிடிக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போயிடுவேன்." இதைச் சொல்லி முடிப்பதற்குள் மாமியார் மருந்து கேட்டார். போய்விட்டு வந்தாள். நாத்தனார் ரவிக்கையைத் தேடித் தரச் சொன்னாள். போய்விட்டு வந்தாள். "உங்க வீட்டுல எத்தனை பேரு டீச்சர்?"

"நான் மட்டும்தான்."

லாட்டரி விழுந்தவளைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

"குடுத்து வச்சவங்க! படிக்கிற பக்கத்தை யாரும் புடுங்க மாட்டாங்க. காப்பி போட்டா நீங்களே சூடாக் குடிக்கலாம். கதவைச் சாத்தினா சாத்தினதுதான். எங்க அம்மா கிட்ட அந்தப் பழைய நாவல் இருந்துச்சு. கனகாம்புஜம் மாதிரி ஒரே ஒரு நாள் இருந்துட்டாப் போதும்னு நினைச்சுக்குவேன். அவளைப் போய் இந்தப் பாவி கல்யாணம் பண்ணி வைக்கப் பாக்கறான். நீங்களே சொல்லுங்க, நியாயமா?"

ஆமாம், அநியாயம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லத்தானே போனேன்? இந்தப் பக்கத்தில் அப்படித்தானே எழுதினேன்? வாயில் வந்தது வேறு.

"போன மார்கழியில எனக்கு நல்ல ஜுரம் செண்பகம். ரிக்‌ஷா வச்சுக்கிட்டு நானே புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கூட யாரு வந்திருக்காங்கன்னு நர்ஸ் கேட்டாங்க. யாரும் வரலைன்னேன். வெளியில நிக்கறாங்களான்னு திரும்பவும் கேட்டாங்க... ஒரு நாள்னா நல்லாத்தான் இருக்கும்மா. மறுநாளும் அதேதான் வரும். கனகாவுக்குக் கல்யாணம் ஆகட்டும். எனக்கு அதான் வேணும்."

சொன்ன எனக்கே தூக்கிவாரிப் போட்டது. செண்பகம் ஏதோ பேச வாயெடுத்தாள். "அண்ணி, பால் பொங்குது!" என்று ஒரு குரல். ஓடினாள். பின்னாலேயே கடையிலிருந்து கணவர் வந்துவிட்டார், காப்பிக்கு.

"இன்னொரு நாள் நிதானமா வாங்க டீச்சர், பேசுவோம்" என்றாள். அந்த வீட்டில் நிதானம் என்பது கிடையாது. அது எங்கள் இருவருக்குமே தெரிந்திருந்தது.

காதல் கதையைக் கையில் எடுத்தால் அவரவர் வீட்டில் எது இல்லையோ அதைத்தான் தேடுகிறோம். எனக்குப் பதினாறு வயதில் கனகாம்புஜம் கம்பீரமாகத் தெரிந்தாள். அப்போது எங்கள் வீடு நிறைய ஆட்கள்! அவளுக்கு ஐம்பது வயதானால் என்ன ஆவாள் என்று அந்தப் பழைய ஆசிரியர் எழுதவில்லை. 'முற்றும்' போட்டுவிட்டு அவர் போய்விட்டார். அப்புறமும் இருந்துகொண்டிருக்க வேண்டியவள் அவள்தானே? இந்தப் புதியவராவது அவளைப் பற்றிக் கொஞ்சம் கவலைப்பட்டிருக்கிறார். திட்டினதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், ஸார்.

கடைசி அத்தியாயம் இந்த வாரம் வந்தது. எதிர்பார்த்தபடியே கனகாவுக்குக் கல்யாணம், நாதஸ்வரம், அட்சதை எல்லாம். ஓரத்தில் செண்பகத்தின் பென்சில்: 'தொலைஞ்சா! இனிமே இவளும் துவைக்கிற கல்லு மேலதான் படிக்கணும்.'

வாய்விட்டுச் சிரித்தேன். நிறுத்த முடியாமல் சிரித்தேன். எதுக்குச் சிரிக்கிறே என்று கேட்க வீட்டில் யாரும் இல்லை.