இறந்தவருக்குப் பத்தியம் சொன்ன சூ பெங்

எங்கள் ஊர் புக்கிட் மெர்தாஜம் சந்தைக்குப் பின்னால், டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது சூ பெங்கின் அறை. வாசல் பலகையில் ‘உணவுச் சிகிச்சை’ என்று மூன்று மொழியில் எழுதியிருக்கும். முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு மாடி ஏறி வந்து மீ கோரேங், அதாவது வறுத்த நூடுல்ஸ், கேட்பவர்கள் உண்டு. முன்மேசையில் உட்கார்ந்து மீ இல்லை என்று சொல்வது என் வேலை. என் பெயர் தவமணி.

சூ பெங் பன்றி இறைச்சிக் கடைக்காரரின் மகள். படித்தது கணக்கு. முப்பது வயது வரை ஒரு மின்பொருள் தொழிற்சாலையில் சம்பளப் பிரிவில் இருந்தாள். அங்கேதான் உடம்பு கெட்டது. வயிறு எரிந்தது, தோல் உரிந்தது, தூக்கம் போனது. வயிற்றுக்கு ஒரு டாக்டர், தோலுக்கு ஒரு டாக்டர், தூக்கத்துக்கு ஒரு டாக்டர். மூவரும் நல்லவர்கள்தான். அவரவர் பங்கை அவரவர் ஒழுங்காகப் பார்த்தார்கள்.

“மூணும் ஒரே உடம்புலதான் குடியிருக்குன்னு யாருக்குமே தோணல தவா,” என்பாள். காலையில் பட்டினி, பகலில் கணினி முன்னால் பிஸ்கட், சாயங்காலம் மேலதிகாரியோடு சண்டை, அதற்குப் பிறகு வயிறு முட்டச் சாப்பாடு. இதுதான் தன் வியாதி என்று அவளே கண்டுபிடித்தாள். வேலையை விட்டுவிட்டு உணவுச் சிகிச்சை படித்தாள். நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு ஊராரின் மலச்சிக்கலை விசாரிக்கப் போகிறாளே என்று அவளுடைய அம்மா கொஞ்ச காலம் பேசவில்லை.

தொழில் தொடங்கிய புதிதில் சூ பெங் சரியான சர்வாதிகாரி. சர்க்கரை கூடாது, வறுவல் கூடாது, வெள்ளைச் சோறு கூடாது. வந்தவர்கள் ஒரு தடவை வந்தார்கள், பிறகு எதிர்ச் சாரியில் நடந்தார்கள். பெற்ற அப்பாவே பொய் சொன்னார். “கீரைதாம்மா சாப்பிட்டேன்” என்பார், உதட்டில் எண்ணெய் மினுங்கும். அவருக்கு ஒரு மாதமாக நெஞ்சு வலி என்று அவளுக்குச் சொன்னது காப்பிக்கடைக்காரர். மகளிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், “சொன்னா முட்டையையும் நிறுத்திடுவா” என்றாராம். நெஞ்சு வலி சரியாகிவிட்டது. அந்தப் பதில் மட்டும் சூ பெங்குக்கு இன்னும் வலிக்கிறது. அன்றோடு திட்டுவதை விட்டாள்.

இப்போது அவள் வைத்தியம் ரொம்பச் சாதாரணம். டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதே. முதலில் காய், பிறகு மீன், கடைசியில் சோறு. மென்று சாப்பிடு. தூங்கு. யாரோடு சண்டை, யாரோடு சாப்பிடுகிறாய் என்பதையும் கேட்பாள். அதிசய மூலிகையை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்த முகத்தோடு இறங்கிப் போவார்கள்.

லே கிம் ஆ சிம் அப்படி ஏமாறவில்லை. ஆ சிம் என்றால் எங்கள் ஊர் ஹொக்கியன் சீனர்கள் சித்தியைக் கூப்பிடுவது. அவரை ஊரே அப்படித்தான் கூப்பிடும். பள்ளிச் சீருடை தைப்பவர், தனியாக வாழும் விதவை. கண்ணில் புரை. சர்க்கரை இறங்காமல் அறுவை சிகிச்சை முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கண் இல்லாவிட்டால் தையல் இல்லை, தையல் இல்லாவிட்டால் ஈப்போவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய் மருமகளின் தொலைக்காட்சியைப் பார்க்க வேண்டும். அதுவும் மங்கலாக.

“போன வாரம் ஒரு பையன் சட்டைக்கு ரெண்டும் இடது கையா வச்சுத் தச்சுட்டேன்,” என்றார். “அவங்கம்மா வந்து, ‘ஆ சிம், என் மகன் நண்டு இல்ல’ங்கறா.”

சூ பெங் சொன்னதையெல்லாம் அவர் செய்தார். சோறு பாதியானது. கீரை வந்தது. சாப்பிட்ட பிறகு சந்தையைச் சுற்றி நடந்தார், நான் என் கண்ணால் பார்த்தேன். சர்க்கரை மட்டும் இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் தேதியைத் தள்ளிப் போட்டார்கள். அடுத்த தடவையும் தள்ளினார்கள். ஆ சிம் எங்கள் அறைக்கு வந்து சண்டை போட்டுவிட்டுப் போனார்.

“பொய் சொல்றாங்கக்கா,” என்றேன் நான். எனக்குப் பொறுமை கம்மி.

“பொய் சொல்றவங்களுக்கு இவ்வளவு கோபம் வராது,” என்றாள் சூ பெங். “வீட்டுக்குப் போய்ப் பாப்போம். நீயே வண்டி ஓட்டு.”

நாங்கள் போனபோது உச்சிப்பொழுது. முன்னறையில் பூஜை மேடை. அதில் கணவர் ஹாக் செங்கின் படம், ஊதுவத்திப் புகை. படத்துக்கு முன்னால் ஒரு கிண்ணம் வெள்ளைச் சோறு, சோயாவில் கருகருவென்று வேகவைத்த பன்றித் தொடைக்கறி, பாசிப்பருப்புப் பூரணம் வைத்த சிவப்பு ஆங் கூ பலகாரம் இரண்டு, இனிப்பான டின்பால் அடியில் தேங்கி நிற்கும் காப்பி.

இறந்தவருக்கு நூறு நாள் வரை தினமும் சாப்பாடு வைப்பார்கள். அதற்குப் பிறகு விசேஷ நாள்களில் மட்டும்தான். ஆ சிம் மூன்றாவது வருஷமாகத் தினமும் வைக்கிறார்.

அரைநிலா வடிவ மரக்கட்டை இரண்டை எடுத்தார். “சாப்பிட்டு முடிச்சாச்சா?” என்று படத்தைக் கேட்டுவிட்டுத் தரையில் போட்டார். ஒன்று நிமிர்ந்து ஒன்று கவிழ்ந்தால் ஆமாம். இரண்டும் கவிழ்ந்தால் இல்லை. இரண்டும் நிமிர்ந்தால் சிரிக்கிறார் என்று அர்த்தம். ஆமாம் விழுந்தது. ஆ சிம் கிண்ணத்தை எடுத்து, அங்கேயே நின்றுகொண்டு சாப்பிட ஆரம்பித்தார்.

“ஆ சிம், இது என்ன?” என்றாள் சூ பெங்.

“அவர் சாப்பாடு.”

“நீங்கதானே சாப்பிடறீங்க?”

“பின்னே கொட்டவா சொல்ற? சாமிக்குத்தமாயிடும். நீ ‘நீங்க என்ன சாப்பிடறீங்க’ன்னுதானே கேட்ட? என் சாப்பாட்டைச் சொன்னேன். இது அவரோடது.” காப்பியை ஒரு மடக்குக் குடித்தார். “அதுவும் இல்லாம, சத்தையெல்லாம் அவர் எடுத்துட்டாரு. இதுல என்ன சர்க்கரை இருக்கப் போவுது?”

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். சூ பெங் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்து, படத்துக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

“மாமாவுக்கும் சர்க்கரை உண்டா?”

“அதுலதானே போனாரு.”

“அப்போ அவருக்கும் பத்தியம் மாத்தணும். கேளுங்க, மீன் வச்சா சாப்பிடுவாரா?”

கட்டை விழுந்தது. இல்லை.

“பால் இல்லாத காப்பி?”

கட்டை இரண்டும் நிமிர்ந்தன. மாமா சிரிக்கிறார்.

“கீரையாவது?”

இல்லை.

“உயிரோட இருந்தப்பவும் இதே அழும்புதான்,” என்ற ஆ சிம்மின் குரல் திடீரென்று உடைந்தது. “ரெண்டு வருஷம் நான் எதையுமே கண்ணுல காட்டல. டாக்டர் கூடாதுன்னாங்க, நானும் பூட்டி வச்சேன். ஆஸ்பத்திரியில கடைசி நாள் காலையில ஒரு வாய் காப்பி கேட்டாரு. டின்பால் ஊத்தின காப்பி. மாட்டேன்னுட்டேன். வீட்டுக்கு வந்ததும் தரேன்னேன். சாயங்காலம் போயிட்டாரு.”

எனக்கு அந்த வீட்டிலிருந்து ஓடிவிடலாம் போலிருந்தது. சூ பெங் நாற்காலியை ஆ சிம் பக்கம் திருப்பிப் போட்டாள்.

“ஆ சிம், நான் தப்பாக் கேட்டுட்டேன். தினமும் நீங்க ‘முடிச்சாச்சா’ன்னுதானே கேக்கறீங்க? இன்னைக்கு வேற கேளுங்க. ‘போதுமா’ன்னு கேளுங்க.”

“அது எப்படிக் கேக்கறது? போதாதுன்னு சொல்லிட்டா?”

“சொன்னா வைங்க. நான் குறுக்க வர மாட்டேன்.”

ஆ சிம் கட்டைகளை நெற்றியில் வைத்து, கண்ணை மூடி, போட்டார். குனிந்து, மங்கிய கண்ணால் தெரியாமல், விரலால் தடவிப் பார்த்தார். ஒன்று நிமிர்ந்து, ஒன்று கவிழ்ந்து. நம்பாமல் மறுபடி போட்டார். ஆமாம். மூன்றாவது தடவையும் ஆமாம்.

அவர் நிமிர்ந்து படத்தைப் பார்த்துக் கத்தினார்: “அட பாவி மனுஷா! போதும்னா போதும்னு சொல்ல வேணாமா? தினமும் கறி வேகவச்சு என் இடுப்பே போச்சு!”

பிறகு தரையில் உட்கார்ந்து அழுதார். சூ பெங்கும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். வைத்தியம் என்று அன்று அவள் வேறெதுவும் சொல்லவில்லை.

அதன்பிறகு படத்துக்கு முன்னால் தேத்தண்ணீர் மட்டும், விசேஷ நாளில் மற்றது. சர்க்கரை மெல்ல இறங்கியது. கண்ணில் அறுவை செய்தார்கள். கட்டுப் பிரித்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து நான்தான் வண்டியில் வீட்டுக்குக் கூட்டிப் போனேன், சூ பெங்கும் வந்தாள். வழியெல்லாம் ஆ சிம் கடைப் பலகைகளைச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டே வந்தார், எழுத்துப் பிழைகள் உட்பட.

வீட்டுக்குள் போனதும் சத்தம் நின்றது. நேராகப் படத்திடம் போய் நின்றார். அது ஹாக் செங் இறந்த வருஷம் எடுத்த படம்.

“இவ்வளவு ஒல்லியாவா இருந்தாரு?” என்றார்.

வெளிச்சம் சரியில்லை, படம் பழசு என்று எதையாவது சொல்ல வாயைத் திறந்தேன். சூ பெங் என் கையைப் பிடித்தாள்.

“ஆமா ஆ சிம். இருந்தாரு,” என்றாள்.

ஆ சிம் தலையை ஆட்டினார். இன்னும் கொஞ்சம் நேரம் பார்த்தார். பிறகு சமையலறைக்குப் போய், மேசை மேல் அடுக்கியிருந்த சீருடைத் துணிகளை அள்ளிக் கீழே வைத்துவிட்டு, மூன்று கிண்ணம் எடுத்து வைத்தார்.

“உக்காருங்க,” என்றார். “நானும் உக்காந்தே சாப்பிடறேன்.”