ஷாஹிரின் பன்னிரண்டாவது உடுப்பு

என் தம்பி ஷாஹிர் ஜெயித்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் கணக்கில் தோற்று, அடுத்த வருஷமே மறுபடி உட்கார்ந்து தேறினான். கூலிம் தொழிற்சாலைகள் மூன்று அவனைத் திருப்பி அனுப்பின. அதற்காக அவன் வீட்டில் முடங்கவில்லை. கல்லூரி வாசலை மிதிக்காமலே, கணினி விளையாட்டில் நடமாடும் மனிதர்களுக்குத் துணி செய்யும் வேலையைக் கற்றுக்கொண்டான். அலோர் ஸ்டாரில் ஒரு நிறுவனத்தில் நாற்பத்திரண்டு பேர் கேட்ட ஓர் இடத்தை அவன் பிடித்தான். கணினி வேலையும் ஒரு வேலைதான் என்று எங்கள் அத்தா முகம்மது ஹனீபாவை ஒத்துக்கொள்ள வைத்தான். இவற்றில் எது பெரியது என்று கேட்டால் கடைசியைத்தான் சொல்வேன்.

இத்தனையையும் அவன் பச்சைக்கும் அரக்குக்கும் வித்தியாசம் தெரியாத கண்களோடு செய்தான்.

கோலா கெத்தில் என்ற எங்கள் ஊரின் கடைத்தெருவில் எங்களுக்கு ஒரு துணிக்கடை. ஷாஹிருக்குப் பதினோரு வயதிருக்கும்போது, லோகேஸ்வரி டீச்சர் பச்சைப் புடவை ஒன்றைக் கொண்டுவந்து அதற்கு ஜாக்கெட் துணி கேட்டார். இவன் பழுப்பு நிறத் துணியை வெட்டி மடித்துக் கொடுத்துவிட்டான். டீச்சர் மறுநாளே திரும்பி வந்தார். "ஹனீபா பாய், உங்க பையன் என்னைக் கலாய்க்கிறானா?" என்று கேட்டார். அப்போதுதான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது. அன்றிலிருந்து அவனுக்கு விற்கும் வேலை கிடையாது, மடிக்கும் வேலைதான். மடித்து மடித்தே, கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் இது பருத்தி, இது கலப்பு, இது இரண்டு தடவை கஞ்சி போட்டது என்று சொல்லுமளவுக்கு வந்துவிட்டான்.

தொழிற்சாலைகள் அவனைத் திருப்பி அனுப்பியதும் இதனால்தான். நான் கூலிமில் பதினாறு வருஷமாகக் கணினிச் சில்லுகளை லென்ஸ் வழியாகப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கும் வேலையில் இருக்கிறேன். ஆள் எடுக்கும்போது அங்கே ஒரு புத்தகம் காட்டுவார்கள். வண்ணப் புள்ளிகளுக்கு நடுவே ஓர் எண் ஒளிந்திருக்கும். ஷாஹிருக்கு வெறும் புள்ளிகள்தான் தெரிந்தன. மூன்று இடத்திலும் அதே புத்தகம், அதே பதில்.

அவனுடைய வேலையை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். விளையாட்டில் வரும் ஆளின் உடலை வேறொருவர் செய்து தருவார். அந்த உடல் மேல் சட்டை ஒரு கூடு மாதிரி மொட்டையாக இருக்கும். அதில் நூல் ஓடுவது, முழங்கையில் வெளுத்திருப்பது, பித்தான் பக்கத்தில் சுருங்கியிருப்பது எல்லாம் ஷாஹிர் கொண்டுவர வேண்டும். நிஜத் துணியை நிழல் விழாமல் படம் எடுப்பான். அதில் ஒரு சதுரத்தை வெட்டி, பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் ஒட்டியது தெரியாதபடி சரி செய்வான். அந்தச் சதுரம் திரும்பத் திரும்ப வந்து முழு உடுப்பாகும்.

நிறத்துக்கு எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. ஒவ்வொரு துணியிலும் நான் ஒரு சீட்டைக் குத்திவிடுவேன்: கரை இன்ன நிறம், உடல் இன்ன நிறம், கோடு இன்ன நிறம். கணினியில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண் உண்டு. சீட்டைப் பார்த்து அவன் எண்ணைச் சரிபார்ப்பான். இப்படிப் பதினோரு உடுப்புகள் செய்து கொடுத்தான். அவன் கண் விஷயம் அலோர் ஸ்டார் நிறுவனத்தில் யாருக்கும் தெரியாது. சொன்னால் நான்காவது இடமும் கையை விரித்துவிடும் என்று பயந்தான். அங்கே அவன் இன்னும் தற்காலிக ஆள்தான்.

பன்னிரண்டாவது ஒரு மளிகைக் கடைக்காரரின் உடுப்பு: வெள்ளை பனியன், கட்டம் போட்ட கைலி. விளையாட்டை உருவாக்குபவர்கள் வெளிநாட்டுக்காரர்கள். அவர்களிடம் வேலை வாங்கிக் கொடுப்பவர் அலோர் ஸ்டார் நிறுவனத்தின் சிவானி. ஷாஹிர் எங்கள் கடையிலிருந்தே ஒரு கைலியை எடுத்துக்கொண்டான். அந்த வாரம் எனக்கு இரவு ஷிப்ட். பகலெல்லாம் தூங்கினேன், சீட்டுக் குத்தவில்லை. அவன் அவசரத்தில் தானே முடித்து அனுப்பிவிட்டான். இரண்டே நாளில் 'மிக அருமை, ஏற்றுக்கொண்டோம்' என்று பதில் வந்தது. அத்தா அந்தப் பதிலைக் கல்லாவில் நின்றுகொண்டு இரண்டு பேருக்குப் படித்துக் காட்டினார்.

சனிக்கிழமை காலை கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே கடைக்குப் போனேன். ஷாஹிர் பெருமையாகத் திரையைத் திருப்பினான். கடைக்காரர் மெதுவாகச் சுற்றினார். நான் பனியனைப் பார்த்தேன், கைலியைப் பார்த்தேன், மறுபடி பார்த்தேன்.

"ஏன்டா, இந்தக் கைலிக்கு எத்தனை தலை?"

கைலி கட்டுகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கைலியில் ஓர் இடத்தில் மட்டும் ஒரு முழ அகலத்துக்கு நிறம் மாறி ஒரு பட்டை வரும். மலாய்க்காரர்கள் அதைக் 'கெப்பாலா' என்பார்கள், எங்கள் கடையில் தலை என்போம். ஒரு கைலிக்கு ஒன்றுதான். ஆண்கள் அதைப் பின்பக்கம் வரும்படி கட்டுவார்கள். திரையில் இருந்த கடைக்காரரின் இடுப்பைச் சுற்றி ஆறு பட்டைகள் இருந்தன.

"தலையா? இது தலையில்லாத மலிவு ரகம்தானேக்கா," என்றான்.

"பச்சைக் கைலி, அரக்குத் தலை. நல்லா இருக்குதே முழ அகலத்துக்கு."

அவன் கைலியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். கட்டமும் ஒரே கட்டம், அடர்த்தியும் ஒரே அடர்த்தி, நிறம் மட்டும் வேறு. மற்றக் கைலிகளில் தலை கறுத்தோ வெளுத்தோ இருக்கும், அதை வைத்துக் கண்டுகொள்வான். இதில் அவனுக்குப் பிடிமானமே இல்லை. அவன் வெட்டிய சதுரத்தில் தலையின் ஓரம் மாட்டிக்கொண்டது. சதுரம் ஆறு தடவை வந்தது, தலையும் ஆறு தடவை வந்தது.

அத்தா கேட்டுக்கொண்டே இருந்தார். "அவங்களே அருமைன்னு சொல்லிட்டாங்க. வெள்ளைக்காரனுக்குக் கைலி தெரியுமா, தலை தெரியுமா? வாயத் தொறக்காதே லா."

"அத்தா, அந்த ஆளு நம்மள மாதிரி ஒரு கடைக்காரரு," என்றான் ஷாஹிர், திரையைக் காட்டி.

"இருக்கட்டும். இப்ப போயி சொன்னா, ஏன் தெரியலன்னு கேப்பாங்க. கேட்டா என்ன சொல்லுவே?"

ஷாஹிர் கைலியை மடித்து மேசை மேல் வைத்தான். அன்று மத்தியானம் அவன் சோறு சரியாகச் சாப்பிடவில்லை. திங்கட்கிழமை காலை கைலியைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தான். எனக்கு அன்று விடுமுறை, பின்னால் ஏறிக்கொண்டேன். அத்தா தடுக்கவில்லை. "ஹெல்மெட்ட இறுக்கிக் கட்டு" என்று மட்டும் சொன்னார்.

சிவானியின் அலுவலகம் ஒரு கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. சிவானி அலோர் ஸ்டாரிலேயே பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண், என் வயதுதான் இருக்கும். ஷாஹிர் காற்சட்டைக்கு மேலேயே கைலியைக் கட்டிக்கொண்டு, அவர் முன்னால் திரும்பி நின்றான்.

"மிஸ், இங்க ஒரு பட்டைதான் வரணும். நான் ஆறு போட்டுட்டேன்."

சிவானி சிரித்தார். "நான் அது ஒரு புது டிசைன்னு நினைச்சன். எங்கட அப்பா வீட்டில வேட்டிதான் கட்டுவார். சரி, பரவாயில்ல. எப்பிடிக் கவனிக்காம விட்டீங்க?"

"எனக்குப் பச்சையும் அரக்கும் ஒண்ணா தெரியும், மிஸ். பொறந்ததுல இருந்தே."

சிவானியின் சிரிப்பு நின்றுவிட்டது. "மத்தப் பதினொண்டும்?"

"அக்கா சீட்டு எழுதித் தருவாங்க."

என்னைப் பார்த்தார். பிறகு பதினோரு உடுப்புகளையும் கணினியில் ஒன்றொன்றாகத் திறந்து நிதானமாகப் பார்த்தார். முக்கால் மணி நேரம் ஆனது. ஒன்றிலும் குறை சொல்லவில்லை. நல்லது என்றும் சொல்லவில்லை. "நான் மேல சொல்லத்தான் வேணும். மறைக்க ஏலாது," என்றார். ஷாஹிர் தலையாட்டினான்.

பதில் வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் அவன் கடையில் துணி மடித்தான். ஏற்கெனவே மடித்திருந்ததையும் பிரித்து மடித்தான். கூலிமில் ஏதாவது கிடங்கு வேலைக்குச் சொல்லி வைக்கட்டுமா என்று அத்தா என்னிடம் தனியாகக் கேட்டார். புதன்கிழமை சிவானி கூப்பிட்டார். எங்களுக்கும் கேட்கும்படி ஷாஹிர் போனை ஸ்பீக்கரில் வைத்தான்.

"கைலியத் திரும்பச் செய்யுங்கோ, ஒரு வாரம் தாறன். இனிமேல் இங்க எல்லாருடைய வேலைக்கும் நிறத்த இன்னொரு ஆள் பார்க்கிறதெண்டு முடிவு. உங்களுக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும். உங்கட நூல் வேலை மாதிரி இங்க வேற ஒருத்தருக்கும் வரேல்ல எண்டு வெளிநாட்டுக்காரரே எழுதியிருக்கினம். அடுத்த மாசத்தில இருந்து நீங்க நிரந்தரம்."

அத்தா கல்லாவை விட்டு எழுந்து போய் எதிர்க் கடையில் நான்கு தேநீர் சொன்னார். நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம்.

இந்த முறை ஷாஹிர் சதுரத்தை விட்டுவிட்டான். கைலியின் முழுச் சுற்றையும் ஒரே துண்டாகப் படமெடுத்துத் தலையைப் பின்னால் வைத்தான். உட்கார்ந்து எழுந்தால் விழும் மடிப்புக்கு அத்தாவையே எட்டுத் தடவை உட்கார வைத்து எழுப்பினான். "எனக்கு முட்டி போகுது, உன் கடைக்காரன் ஜோரா நிக்கிறான்," என்று அத்தா முனகினார். ஆனால் எட்டுத் தடவையும் எழுந்தார்.

முடித்து அனுப்பியதும் சிவானி ஒரு விஷயம் கேட்டார். உடுப்பின் துண்டுகளை எல்லாம் தையற்காரர் வெட்டிப் பரப்பியது போல ஒரே தாளில் வைப்பார்கள். ஓரங்களில் ஒன்றுக்கும் உதவாத இடம் மிஞ்சும், விளையாடுகிறவர் கண்ணில் அது படவே படாது. அங்கே செய்தவர் பெயர் எழுதுவது அந்தத் தொழிலில் வழக்கமாம். "உங்கட பதினொண்டிலயும் அது காலியாவே கிடக்கு, ஏன்?"

"பிறகு தப்புன்னு தெரிஞ்சா என் பேரு அதுல இருக்குமே, மிஸ்," என்றான்.

பிறகு அவன் அந்தக் கோப்பைத் திறந்து, கைலிக்கும் பனியனுக்கும் நடுவில் மிஞ்சிய மூலையில் தமிழில் தன் பெயரை எழுதினான். என்னிடம் திருப்பிக் காட்டினான். எழுத்தெல்லாம் சரியாக இருந்தது. கீழே தேதியும் போட்டிருந்தான்: 2024 ஜூலை 18, வியாழக்கிழமை.