பங்காரம்மாவுக்கு ஆகாத நிறம்

"வெளுத்த கலரு சேலை ஓசியில குடுத்தாலும் எம்பட ஊட்டு வாசப்படி ஏறாதுங்க!"

ஒப்பணக்கார வீதி ஜவுளிக்கடையில் சேலைகளை வீசி விரித்துக்கொண்டே பங்காரம்மா இப்படி முழங்குவாள். முதலாளி அவளை நிறுத்தியிருப்பதோ வெளிர் நிறச் சேலைப் பகுதியில். சர்க்கரை வியாதிக்காரர் லட்டு விற்பதைப் போல, கை நடுங்காமல் விற்பாள்.

அவள் உடுத்துவது அரக்கு, கரும்பச்சை, மயில்கழுத்து நீலம். இவற்றோடு ஆண்டவன் படைப்பை நிறுத்திக்கொண்டார் என்பது அவள் கட்சி. காரணத்தை ஒருநாள் வாடிக்கைக்காரியான என் காதோடு சொன்னாள்.

"கர்ப்பப்பைக்குள்ள இருக்கோணும்ங்கற சவ்வு வெளியவும் வளந்துபோச்சுங்க அம்மணி. புறம்போக்குல குடிசை போட்டாப்புல."

வலிக்காக டாக்டரம்மா கருத்தடை மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். பிள்ளையில்லாதவள் அதை வாங்கினால் மருந்துக் கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்க்கிறாராம். வலி அடங்கியது. உதிரம்தான் நாள் கிழமை பார்ப்பதில்லை.

"சொல்லாம கொள்ளாம வந்து நிக்கற ஒரம்பரைச் சனமாட்டம் வருதுங்க. ஒருக்கா பயந்து மாத்திரைய நிறுத்திப்போட்டேன். இன்னும் சாஸ்தியாச்சு. டாக்டரம்மா வெச்சு வாங்கிப்போட்டாங்க."

இப்போது காலையில் ரேடியோவில் செய்தி தொடங்கும்போது மாத்திரை. "செய்தி வாசிக்கறவரு லீவு போட்டாலும் நான் போடமாட்டேனுங்க!"

அவளுடைய அடுக்கின் அடியில் பச்சைக் கரை போட்ட சந்தன நிறச் சேலை ஒன்று உண்டு. யார் அதன் நுனியை இழுத்தாலும் பதறுவாள். "அது டேமேஜுங்க. நூல் உட்டுப்போச்சு."

சந்தேகம் என் பிறவிக்குணம். பிரித்துப் பார்த்தேன். ஓர் இழை பிசகவில்லை.

"ஏன் பங்காரம்மா, நல்ல சேலைக்கு இப்படி அவதூறு?"

"தையில தங்கச்சி ஊட்டு வளைகாப்புங்க" என்றாள். "அன்னிக்கு ஒரே ஒரு நாளு..." சேலையைப் பிடுங்கி அடியில் செருகினாள்.

நேற்று மதியம் ரவிக்கைத் துணி மாற்றப் போனேன். கடையில் ஈ காக்கை இல்லை. தூணோரக் கண்ணாடி முன்னால் பங்காரம்மா. அரக்குச் சேலைக்கு மேலேயே அந்தச் சந்தன நிறத்தைக் கொசுவம் வைத்துச் செருகியிருந்தாள். தூண் மறைவில் நின்றுவிட்டேன்.

அவள் தன் முகத்தைப் பார்க்கவில்லை, முந்தானையையும் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, கழுத்தை வளைத்துத் தோளுக்கு மேலாகப் பின்பக்கம் பார்த்தாள். உட்காரும் இடத்தை உள்ளங்கையால் ஒருமுறை நீவினாள். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு மறுபடி நீவினாள்.