ஐம்பத்திரண்டு அடி ஆடு

“நிறுத்தும்மா! பிரிண்டரை நிறுத்து!”

ஜெனிஃபா ஓடிப்போய் வயரையே பிடுங்கினாள். மேனேஜர் ஜியாவுதீன் பாதி வந்த சீட்டைக் கிழித்து அவள் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“இன்னாம்மா இது? ஒரு ஆட்டுத்தோலு ஐம்பத்திரண்டு சதுர அடியா? ஆடா, யானையா?”

ஆம்பூர் தோல் கம்பெனிக்கு 2002இல் வந்த கம்ப்யூட்டருக்கு அவள்தான் ஆள். மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவாள். பயிற்சிக் காலம் அன்றோடு முடிகிறது. நிரந்தரமா, வீடா என்று சாயங்காலம் ஜியாவுதீன் சொல்லவேண்டும்.

அதனால்தான் கெட்டிக்காரத்தனம் காட்டப் போனாள். கோப்பில் தோல் அளவுகள் கோணல்மாணலாகக் கிடந்தன. சிலவற்றின் கடைசியில் கமா, சிலவற்றில் இடைவெளி, சிலவற்றுக்கு ‘ச.அடி’ என்று வால். புரோகிராமில், எழுத்துகளைத் தேடி மாற்றும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் ஒன்றை ஒரே வரியில் எழுதினாள்: இலக்கம் அல்லாத எதுவானாலும் அழி.

அழித்தது.

தோலில் சில்லறை என்றால் கால் அடிதான். ஐந்தடியும் இரண்டு கால் அடியும் இருந்தால் 5-2 என்று எழுதுவார்கள். நடுவிலிருக்கும் கோடு இலக்கம் இல்லையே. அதுவும் போய், ஐந்தரை ஐம்பத்திரண்டு ஆயிற்று.

அளவு போடும் சர்தார் பாஷா சீட்டை வாங்கிப் பார்த்தார். “நான் அளக்கும்போது சின்னதாதான் இருந்துச்சு. அப்புறமா வளந்துடுச்சா?”

“ஆலங்காயம் காட்டுல மேஞ்சிருக்கும் பாய், சும்மா இரு. ஏம்மா, தோல் வாங்குற ஜெர்மனி பார்ட்டிக்கு இந்தக் கணக்கு ஃபேக்ஸ் போய்டுச்சா?”

“காலையிலேயே போய்டுச்சு சார்.”

“பேஜார்!”

ஜெனிஃபா வரியை மாற்றினாள். கமா, இடைவெளி, வால் மட்டும் அழி. கோட்டுக்குப் பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று வந்தால் அத்தனை கால் அடியைக் கூட்டு. ஆடுகள் ஐந்தரை அடிக்குச் சுருங்கின. திருத்திய கணக்கை அனுப்பப் போனால், ஃபேக்ஸ் மெஷின் ஜெர்மனியின் பதிலைத் துப்பிக்கொண்டிருந்தது.

ஜியாவுதீன் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். “தோல் அளவு ரொம்ப ஆச்சரியமா இருக்காம். அடுத்த மாசம் நம்ம ஆட்டுப் பண்ணையைப் பாக்க வர்றாங்களாம். எந்தப் பண்ணையைக் காட்டுறது?”

“வண்டலூர் ஜூவைக் காட்டலாம் சார்.”

சொன்ன பிறகுதான் ஜெனிஃபா நாக்கைக் கடித்தாள். சர்தார் பாஷா சிரித்தபடி வெளியே ஓடினார். ஜியாவுதீன் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். வேலை பற்றிய முடிவைச் சொல்லுமுன் பஸ் ஹாரன் அடித்தது.

மறுநாள் அவள் அதே பஸ்ஸில் வந்தாள். பயிற்சியை இன்னும் ஒரு மாதம் நீட்டியிருப்பதாக ஜியாவுதீன் சொன்னார். திருத்திய கணக்கு கிடைத்தது என்று ஜெர்மனியிலிருந்து எழுதியிருந்தார்கள். பண்ணை பற்றி அதில் ஒன்றுமில்லை. மாட்டுத்தோல் கோப்பு அவளிடம் வந்தது. அதற்கு முதலில் ஒரு நகல் எடுத்துவைத்தாள். மதியம் கரண்ட் போயிற்று; நகல் போகவில்லை.